டேர்ட்டி எண்டா ஊத்தை மட்டுந்தானோ?

தங்கச்சி, உங்கட கேள்வியை முதல் எல்லாருக்கும் விளங்கிற மாதிரி ஒருக்காச் சொல்லிப்போட்டு வாறன். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்ல ரிசெப்ஷன்ல நிக்கிறீங்கள், கடல்ல குளிச்சிட்டு முழங்கால் வரைக்கும் மணலோட ஒரு வெள்ளைக்காரர் உள்ளுக்கு ஏறப் பாத்திருக்கிறார், காலைக் கழுவிப்போட்டு வரச் சொல்லுவம் எண்டு நினைச்சு நீங்கள் சிரிச்ச முகத்தோட "சேர், யூ ஆர் வெரி டேர்ட்டி" எண்டிட்டீங்கள். மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கிறார், மனுசி உங்களை ஒரு முழி முழிச்சிருக்கிறா, பின்னேரம் மனேஜர் கூப்பிட்டு ஏச்சு. "ஊத்தை எண்டதைத்தானே சொன்னனான், அதில என்ன பிழை?" எண்டு கேக்கிறீங்கள்.

பிழை என்னெண்டா காலுக்குச் சொல்ல வேண்டியதை ஆளுக்குச் சொல்லிட்டீங்கள். "யுவர் ஃபீட் ஆர் டேர்ட்டி" எண்டிருந்தா மரியாதை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனா வளர்ந்த ஒரு ஆம்பிளையைப் பாத்து, ஒரு பொம்பிளைப்பிள்ளை, சிரிச்சுக்கொண்டு "யூ ஆர் டேர்ட்டி" எண்டா அது 'நீங்கள் சரியான குழப்படி ஆள், உங்கட நினைப்பு எங்க போகுதெண்டு எனக்குத் தெரியும்' எண்ட மாதிரிப் போயிரும். அதைவிடவும் கொஞ்சம் படுக்கையறைப் பக்கம் சாஞ்ச கதை. அதுதான் அவர் சிரிச்சது, அதுதான் மனுசி முழிச்சது. மனேஜருக்கு ஏன் கோவம் வந்ததெண்டு இப்ப விளங்கியிருக்கும், ஆனா அவர் ஏசாம இதை உங்களுக்கு விளங்கப்படுத்தியிருக்கலாம்.

நான் முந்தித் துறைமுகத்தோட சேந்த ஒரு ஷிப்பிங் கொம்பனியில கிளாக்கா இருந்தனான், இப்ப உவர்மலையில வீட்டோட பிள்ளையளுக்கு இங்கிலிஸ் சொல்லிக் குடுக்கிறன். இந்த ஒரு சொல் ரெண்டு இடத்திலயும் எனக்கு விளையாட்டுக் காட்டியிருக்கு, அதால கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன், தேத்தண்ணி ஒண்டு எடுத்துக்கொண்டு இருங்கோ.

முதல் அந்தச் சொல் எங்கயிருந்து வந்ததெண்டு பாப்பம். 'டேர்ட்' எண்டது பழைய நோர்ஸ் பாசையில (அந்தக் காலத்து நோர்வே, டென்மார்க் பக்கத்துப் பாசை) 'ட்ரிட்' எண்டு இருந்தது, அதிண்ட அர்த்தம் நேரடியா மலம், வேற ஒண்டும் இல்லை. வைக்கிங் ஆக்கள் இங்கிலாந்துக்கு வந்து குடியேறின காலத்தில அது இங்கிலிசுக்குள்ள வந்து சேந்தது, பிறகு வாயில உருண்டு உருண்டு ரகரம் பின்னால தள்ளுப்பட்டு 'டேர்ட்' ஆச்சுது. பறவைக்குச் சொல்லுற 'பேர்ட்' எண்ட சொல்லும் இப்பிடித்தான், பழைய இங்கிலிஸ்ல அது 'ப்ரிட்'. எங்களுக்கு இது புதினம் இல்லை, தசை சதை ஆகினதையும் விசிறி சிவிறி ஆகினதையும் இலக்கணப்போலி எண்டு பள்ளிக்கூடத்தில பாடமாக்கின ஆக்கள்தானே நாங்கள். உங்கட சொந்தத்தில ஆரும் நோர்வேயில இருந்தா (திருகோணமலையில ஆருக்குத்தான் இல்லை) அங்க பிறந்த பிள்ளையைக் கேட்டுப் பாருங்கோ, 'ட்ரிட்' எண்டா இண்டைக்கும் அங்க அதுதான் அர்த்தம், பிள்ளை முதல் தாயைத் திரும்பிப் பாத்துப்போட்டுத்தான் பதில் சொல்லும்.

பிறப்பிலயே இவ்வளவு நாத்தத்தோட வந்த சொல்லை அமெரிக்காக்காரன் என்ன செய்தானெண்டா, தோட்டத்து மண்ணுக்கே வைச்சிட்டான். பூக்கண்டு நடுற நல்ல மண்ணையும் டேர்ட் எண்டுவான், எங்கட கிறவல் ரோட்டு மாதிரி தார் போடாத ரோட்டு 'டேர்ட் ரோட்'. அதில அருவருப்பு ஒரு சொட்டும் இல்லை. பிரிட்டிஸ்காரன் மண்ணுக்கு 'சொயில்', 'ஏர்த்' எண்டு வேற சொல் வைச்சிருக்கிறான், அவன்ர வாயில டேர்ட் எண்டு வந்தா அது கூடுதலா ஊத்தைதான். உங்கட ஹோட்டலுக்கு ரெண்டு பக்கத்து ஆக்களும் வருவினம், அதால இதை மனசில வைச்சிருங்கோ.

இப்ப விசயத்துக்கு வாறன். எங்களிட்ட ஊத்தைக்கு எத்தினை சொல் இருக்கெண்டு நாங்கள் எண்ணிப் பாக்கிறேல்ல. உடுப்பில இருந்தா ஊத்தை, முத்தத்தில இருந்தா குப்பை கஞ்சல், காலில இருந்தா சேறு, வெள்ளை வேட்டியில விழுந்தா கறை, வாய் வைச்சா எச்சில், செத்த வீடெண்டா துடக்கு, வாயால வந்தா தூசணம். இது எல்லாம் எங்களுக்கு வேற வேற பெட்டி. ஒண்டுக்குள்ள கிடக்கிறதைத் தூக்கி மற்றதுக்குள்ள போட மாட்டம். இங்கிலிஸ்காரன் இதில பாதியை டேர்ட்டி எண்ட ஒரே வாளிக்குள்ள கொட்டி வைச்சிருக்கிறான், மிச்சப் பாதியை அந்த வாளிக்குக் கிட்டவும் விடமாட்டான். எது உள்ளுக்கு எது வெளியில எண்டு தெரியாததாலதான் எங்கட ஆக்கள் மாட்டுப்படுறது.

என்னட்டப் படிச்ச ஒரு பெடியன், ஒன்பதாம் ஆண்டு, நல்ல கெட்டிக்காரன். அவன்ர அப்பம்மா மோசம் போயிற்றா. கொஞ்ச நாள் வகுப்புக்கு வரேல்ல, பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் இங்கிலிஸ்ல எழுதவேணும் எண்டு தானா எழுதி என்னட்டத் திருத்தக் கொண்டு வந்தான். கொப்பியில கிழிச்ச ஒற்றை, நீலப் பேனை, மேல திகதி எல்லாம் ஒழுங்கு. மூண்டாவது வரியில இருக்கு: "அவர் ஹவுஸ் இஸ் டேர்ட்டி ஃபோர் தேர்ட்டி வன் டேய்ஸ்." எங்கட வீடு 31 நாளைக்கு ஊத்தை. எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் ஏலாது, பெடியன்ர கண் இன்னும் சிவந்துபோய்க் கிடக்கு. அந்த வீடு எனக்குத் தெரியும், பிரேதம் எடுத்த கையோட சுவர் வரைக்கும் கழுவி, எட்டுக்கு ஒருக்காக் கழுவி, 31க்கு கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் அந்தியேட்டி முடிச்சு வந்து திரும்பவும் கழுவின வீடு. ஊரிலயே அண்டைக்கு அதைவிடத் துப்பரவான வீடு இருந்திராது. அவன் துடக்கைச் சொல்ல வந்தவன், அகராதியில தேடினா அசுத்தம், அசுத்தத்தைத் தேடினா டேர்ட்டி, அவன் என்ன செய்வான். ஒரு ஆளையோ வீட்டையோ டேர்ட்டி எண்டா கண்ணுக்குத் தெரியவேணும், அல்லது நடத்தையில தெரியவேணும். துடக்கு ரெண்டிலயும் தெரியாது. நான் அதை வெட்டிப்போட்டு "வீ ஆர் இன் மோர்னிங்", துக்கத்தில இருக்கிறம் எண்டு எழுதிக் குடுத்தன். அது துடக்கிண்ட முழு அர்த்தம் இல்லை எண்டு எனக்குத் தெரியும், ஆனா ரீச்சருக்கு அது போதும்.

இதே கணக்குத்தான் மாதத்துடக்குக்கும். கோயில் திருவிழாவில வேலை செய்யிற பிள்ளை ஒண்டு வெளிநாட்டுக்காரிக்குத் தான் ஏன் உள்ளுக்கு வரேல்ல எண்டு சொல்ல "ஐ ஆம் டேர்ட்டி டுடே" எண்டு சொன்னதை நான் என்ர காதால கேட்டனான். அந்த வெள்ளைக்காரி திகைச்சுப்போனா. சொல்லவேண்டியது "ஐ ஆம் ஒன் மை பீரியட்". அதை ஊத்தை எண்டு எங்கட ஆக்களே உண்மையா நினைக்கினமோ எண்டது வேற சண்டை, அதுக்குள்ள நான் இப்ப போகேல்ல, ஆனா அந்தப் பிள்ளை தன்னைத்தானே அப்பிடிச் சொன்னது எனக்கு மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்தது.

எச்சில் இன்னொரு கூத்து. ஆரும் சாப்பிட்டு முடிச்ச கோப்பை, ஒரு துண்டு கேக் மட்டும் வைச்சுச் சாப்பிட்டதெண்டாலும், அது 'டேர்ட்டி பிளேட்', அதை நீங்கள் தாராளமாச் சொல்லலாம். ஒரு நாள் போட்ட சேட் பளிச்செண்டு இருந்தாலும் கழட்டின உடனை 'டேர்ட்டி லோன்ட்ரி'. ஆனா ஒருத்தர் வாய் வைச்ச தண்ணிப்போத்தலை டேர்ட்டி எண்டு சொல்லாதேங்கோ, அவையளுக்கு எச்சில் எண்ட பெட்டியே இல்லை, ஏதோ போத்தலுக்குள்ள மண் கிடக்குதெண்டு உள்ளுக்குப் பாப்பினம்.

அடுத்தது தூசணப் பக்கம். டேர்ட்டி ஜோக், டேர்ட்டி வேர்ட்ஸ், டேர்ட்டி மைன்ட், டேர்ட்டி ஓல்ட் மேன், இதெல்லாம் காமக் கதை, காமக் கண். 'டேர்ட்டி வீக்எண்ட்' எண்டா பிரிட்டிஸ் ஆக்கள், சோடியா, கூடுதலா ஆருக்கும் சொல்லாமப் போய் ரெண்டு நாள் ஹோட்டல்ல நிக்கிறது. (நாங்கள் இதை 'பச்சை' எண்ட நிறத்தில சொல்லுறம், பச்சைத் தூசணம் எண்டு, இங்கிலிஸ்காரன் படத்துக்கு நீலம் எண்டுறான், ஏன் ஆளுக்கு ஒரு நிறம் எடுத்ததெண்டு நான் கனநாளா யோசிக்கிறனான்.) இந்தப் பக்கத்துச் சொல்லுகளைப் பாத்திட்டு எல்லா டேர்ட்டியும் காமம் எண்டு நினைச்சா அங்கயும் விழுவீங்கள். 'டேர்ட்டி லுக்' எண்டா கெட்ட பார்வை, ஒரு பொம்பிளையை ஒரு மாதிரிப் பாக்கிறது எண்டுதான் என்ர வகுப்பில பத்துக்கு ஒன்பது பேர் எழுதுவினம். இல்லை. அது முறைச்சுப் பாக்கிறது. கோவத்தோட, வெறுப்போட. அண்டைக்கு அந்த மனுசி உங்களைப் பாத்தா எண்டீங்களே, அதுக்குப் பேர்தான் டேர்ட்டி லுக். புருசன்ர சிரிப்புக்கு ஒரு டேர்ட்டி, மனுசிண்ட முழிக்கு ஒரு டேர்ட்டி, ஒரு நிமிசத்துக்குள்ள ரெண்டு பாடமும் உங்களுக்குக் கிடைச்சிருக்கு.

ஒரு ஆளுக்கோ ஒரு சனத்துக்கோ முன்னால இந்தச் சொல்லை வைச்சா அது அடியாத்தான் விழும். சின்னப்பிள்ளை சேத்தில விளையாடிப்போட்டு வந்தா தாய் "யூ ஆர் டேர்ட்டி" எண்டலாம், அது செல்லம். வளர்ந்த ஆளெண்டா காமம், அல்லது கள்ளன். இன்ன நாட்டுக்காரன், இன்ன மதக்காரன் எண்ட பேருக்கு முன்னால டேர்ட்டி வந்தா அது அந்தச் சனத்தையே கேவலப்படுத்திற பேச்சு, அதைப் பகிடிக்கும் எடுக்காதேங்கோ. ஊத்தை எண்டு சொல்லி ஆக்களைத் தூரத்தில வைக்கிற வித்தை எங்கட ஊருக்கும் தெரியாததில்லை, கிணத்தடியில ஆரை எங்க நிப்பாட்டினவை எண்டு வயசான ஆக்களைக் கேட்டா சொல்லுவினம்.

இனி நான் வேலை செய்த இடத்துக்கு வாறன், இது எனக்குப் பிடிச்ச பகுதி. புதுசா வேலைக்குச் சேந்த நேரம் ஒரு பெரியவர் டெலிபோன்ல "அது டேர்ட்டி டேங்கர்" எண்டு சொல்லுறதைக் கேட்டு, கப்பல் கழுவேல்லப் போல எண்டு நான் நினைச்சனான். கப்பல் தொழில்ல அது ஒரு வகைப் பேர். மசகெண்ணெய், உலை எண்ணெய், இப்பிடிக் கறுப்பா, தடிப்பா இருக்கிறதை ஏத்திற கப்பல் டேர்ட்டி, பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் ஏத்திறது கிளீன். லண்டன்ல இருக்கிற போல்டிக் எக்ஸ்சேஞ் எண்ட கப்பல் கூலிச் சந்தை டேர்ட்டி டேங்கருக்கு ஒரு விலைச்சுட்டி, கிளீன் டேங்கருக்கு ஒரு விலைச்சுட்டி எண்டு ரெண்டு வெளியிடுது, உலகம் முழுக்க ஆக்கள் அதைப் பாத்துத்தான் கூலி பேசுவினம், அதில ஆருக்கும் ரோசம் வாறேல்ல. டேர்ட்டி சரக்கு ஏத்தின தாங்கியில அடுத்ததாப் பெற்றோல் ஏத்திறதெண்டா சுவர், குழாய் எல்லாம் கழுவித் துடைச்சுச் சோதிச்சுத்தான் விடுவினம், இல்லாட்டிப் புதுச்சரக்கு பழுதாகும், செலவும் பெரிசு. சீனன்குடாவில காட்டுக்குள்ள நிக்கிற அந்த 99 எண்ணெய்க் குதமும் பிரிட்டிஸ் காலத்தில கடற்படைக் கப்பலுகளுக்கு எரிக்கிற எண்ணெய் வைக்கக் கட்டினது, இந்தப் பேச்சில சொன்னா அதுகும் டேர்ட்டிப் பக்கம்தான்.

கப்பல் கடதாசியிலயும் இதே சோடி இருக்கு. மா மூட்டை ஏத்தேக்க பத்து மூட்டை கிழிஞ்சிருந்தா, அல்லது நனைஞ்சிருந்தா, கப்பல்காரன் சரக்கு ஏத்தினதுக்குக் குடுக்கிற கடதாசியில, 'பில் ஒஃப் லேடிங்' எண்டுறதில, அதை எழுதிப்போடுவான். எழுதினா அது டேர்ட்டி பில், எழுதாட்டி கிளீன் பில். கடதாசி பாலில தோய்ச்ச மாதிரி வெள்ளையா இருக்கும், ஆனா டேர்ட்டி. வங்கிக்காரன் கிளீன் இல்லாட்டிக் காசு குடுக்க மாட்டான், அதால அந்த ஒற்றை வரியை எழுதாதேங்கோ எண்டு கப்பலடியில கெஞ்சிற ஆக்களை நான் கனபேரைப் பாத்திருக்கிறன். குறை ஒண்டு பதிஞ்சிருக்கு எண்டதுதான் இங்க டேர்ட்டி. கம்பியூட்டர் படிச்ச பிள்ளையளுக்கும் இதுக்குக் கிட்ட ஒண்டு இருக்கு, மெமரியில மாத்தினதை இன்னும் டிஸ்க்கில எழுதேல்ல எண்டா அந்தப் பக்கத்தை டேர்ட்டி எண்டு அடையாளம் வைப்பினம், எழுதி முடிச்சா கிளீன்.

கடல்ல போறவையளுக்கு 'டேர்ட்டி வெதர்' எண்டா மழை, காத்து, கொந்தளிப்பு. எங்கட பக்கம் மார்கழியில வாடைக்காத்துக்கு வள்ளத்தைக் கரையில இழுத்து வைச்சிட்டு "கடல் சரியில்லை" எண்டுவினமே, அதுதான்.

கள்ள வேலைக்கும் இந்தச் சொல்தான் போகும். விளையாட்டில காலைத் தட்டி விழுத்தினா 'பிளேயிங் டேர்ட்டி', தேர்தல்ல மொட்டைக் கடதாசி அடிச்சு ஒட்டினா 'டேர்ட்டி ட்ரிக்ஸ்', போதைவஸ்து வித்த காசு 'டேர்ட்டி மணி'. காசை ஊத்தை எண்டு சொன்னாத்தானே அதைத் தோய்க்கவும் ஏலும், அதால அந்தக் காசைக் கணக்குக்குள்ள கொண்டு வாறதை 'லோண்டரிங்' எண்டுறான். எங்கட நாட்டில 2006ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் அதுக்கு வந்தது, தமிழில 'பணம் தூயதாக்கல்' எண்டு மொழிபெயர்த்திருக்கினம், கேக்க ஏதோ புண்ணிய காரியம் மாதிரி இருக்கும். நாங்கள் இந்தப் பக்கத்துக்குக் கறுப்புப் பணம், கள்ளக் காசு, ஊழல் எண்டு சொல்லுவம். ஊழ்த்தல் எண்டா பழைய தமிழில அழுகிறதும் ஒரு அர்த்தம், அதால எங்கட ஆக்களும் அந்த நாத்தத்தை விட்டு வைக்கேல்ல. பொறாமைக்கு வள்ளுவர் வைச்ச பேர் அழுக்காறு எண்டதையும் இதோட வைச்சுப் பாருங்கோ.

'டேர்ட்டி வோர்' எண்டு பேர் வந்தது ஆர்ஜென்டினாவில, 1976இல இருந்து 1983 வரைக்கும் இராணுவ ஆட்சி சொந்தச் சனத்தையே பிடிச்சுக்கொண்டு போய் இல்லாமல் ஆக்கின காலத்துக்கு. காணாமல் ஆக்கப்பட்டவை எண்ட சொல்லுக்கு எங்கட ஊரில ஆருக்கும் நான் விளக்கம் எழுதத் தேவையில்லை.

நல்ல பக்கமும் இருக்கு. "ஹீ இஸ் நொட் அஃப்ரெய்ட் டு கெட் ஹிஸ் ஹாண்ட்ஸ் டேர்ட்டி" எண்டு ஒரு மனேஜரைச் சொன்னா அது புகழ்ச்சி, கதிரையில இருந்து கட்டளை போடாம இறங்கி வேலை செய்யிற ஆள் எண்டு. ஆனா அரசியல்வாதியிண்ட கை டேர்ட்டி எண்டா திரும்பவும் கள்ளம். பிரிட்டிஸ் ஆக்கள் பேச்சில 'எ டேர்ட்டி கிரேட் லொறி' எண்டுவினம், அதில ஊத்தையும் இல்லை, கிரேட்டும் இல்லை, பென்னாம்பெரிய லொறி, அவ்வளவுதான். தலைமயிர் 'டேர்ட்டி பிளோண்ட்' எண்டா கொஞ்சம் மங்கலான பொன்னிறம், ஆரும் தன்ர மயிரை அப்பிடிச் சொன்னா ஷாம்பு குடுக்க ஓடாதேங்கோ. பார்ல 'டேர்ட்டி மார்ட்டினி' கேட்டா ஒலிவ் காய் ஊறப்போட்ட உப்புத்தண்ணி கொஞ்சம் விட்டுக் கலக்கினது, 'டேர்ட்டி சாய்' கேட்டா மசாலாத் தேத்தண்ணிக்குள்ள எஸ்பிரெஸோக் கோப்பி விட்டது. இங்க டேர்ட்டி எண்டது கலங்கல். எங்கட சொல்லில அதுக்குக் கிட்ட வாறது அந்த ஒரு சொல்தான், தண்ணி கலங்கியிருக்கு எண்டுறமே, அது.

உங்கட வேலைக்கு உண்மையில தேவை டேர்ட்டியிண்ட அண்ணன் தம்பிமாரைத் தெரிஞ்சு வைச்சிருக்கிறது. மணல் எண்டா 'சான்டி', சேறு எண்டா 'மடி', தூசி எண்டா 'டஸ்டி', எண்ணெய்ப் பிசுக்கு எண்டா 'கிரீஸி', கறை எண்டா 'ஸ்டெய்ன்'. கட்டில் விரிப்பு அழுக்கெண்டா ஹோட்டல்காரர் 'சொயில்ட் லினன்' எண்டு மரியாதையாச் சொல்லுவினம். பிள்ளையளிண்ட ஊத்தைக் கை 'கிரப்பி', அதில கொஞ்சம் செல்லம் இருக்கு. அறை முழுக்க உடுப்பும் போத்தலும் சிதறிக் கிடந்தா அது 'மெஸ்ஸி', டேர்ட்டி இல்லை, ஒருத்தர் மெஸ்ஸி எண்டு சொன்னதை நீங்கள் டேர்ட்டி எண்டு கிளீனிங் பிள்ளைக்குச் சொன்னா அவ பினாயில் வாளியோட போவா, அங்க மடிச்சு வைக்கத்தான் ஆள் தேவை. ஒரு கெஸ்ட் வந்து 'ஃபில்தி' எண்ட சொல்லைப் பாவிச்சா கதை முத்திற்று, அது டேர்ட்டிக்கு மேல நாலு படி, உடனை அறை மாத்திக் குடுங்கோ, விளக்கம் பிறகு.

அண்டைக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது: "சேர், தெயர் இஸ் எ டெப் ஜஸ்ட் ஹியர், வுட் யூ லைக் டு ரின்ஸ் தி சான்ட் ஒஃப்?" ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, மணலும் தண்ணிப் பைப்பும்தான் இருக்கு. இல்லாட்டி இங்கிலிஸே வேண்டாம், படியடியில ஒரு வாளித் தண்ணியும் ஒரு பேணியும் வைச்சுவிடச் சொல்லுங்கோ மனேஜரை. என்ர அப்பம்மா வீட்டு வாசல்ல எந்த நேரமும் அது இருந்தது, வாற ஆக்களுக்கு அவ ஒண்டும் சொல்லுறேல்ல, கையால ஒருக்கா வாளியைக் காட்டுவா.